வேலைக்குச் செல்லும் தாயும் குழந்தையின் பாலும்

நம் நாட்டில் முதல் இரு பேறுகளுக்குரிய மகப்பேறு விடுப்பு 2017-இல் 26 வாரமாக உயர்ந்தது. விடுப்பு முடிந்ததும் பல இல்லங்களில் மாவுப்பால் நுழைந்துவிடுகிறது. அதற்கு அவசியமில்லை. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, பணியிடத்தில் நாள்தோறும் இரு பாலூட்டும் இடைவேளைகளைச் சட்டம் அளிக்கிறது. அவ்வேளைகளில் பாலை எடுத்து வைக்கலாம்.

எப்போதாவது எடுப்பவருக்குக் கையோ கைப் பம்போ போதும். தினமும் எடுப்பவருக்கு மின்சாரப் பம்ப் ஏற்றது. வாங்கும்போது விலையைவிட இரண்டைக் கவனியுங்கள்: காம்பு உரசாத அளவுள்ள புனல், முழுவதும் கழற்றிக் கழுவக்கூடிய பாகங்கள். ரப்பர்க் குமிழ் வகை வேண்டாம்; குமிழினுள் பால் தங்கிக் கிருமி வளரும். வலித்தால் இழுவிசையைக் குறையுங்கள். வலி பாலைப் பெருக்காது.

கைகளைக் கழுவிய பின்னரே தொடங்குங்கள். எடுத்த பால் 25 டிகிரி வெப்பம் வரை 4 மணி நேரம் கெடாது. நம் கோடையில் அதை நம்பலாகாது. குளிர்பதனப் பெட்டியில் 4 நாள் வைக்கலாம். கொதிக்க வைக்காமல், வெந்நீரில் பாத்திரத்தை வைத்து இளஞ்சூடாக்கிப் பாலாடையால் புகட்டுங்கள்.

தாய் களைத்துத் திரும்பும் மாலையில், பம்பின் பாகங்களைக் கழுவிக் காய வைப்பது கணவரின் கடமை. குழந்தை இருவருடையதன்றோ!