தேய்ந்த மெட்டும் நேர்மையான கூலியும்

ஆலங்குடாவின் உப்புக் காற்று இரும்பை விட்டுவைக்காது என்பதை நமது வர்த்தகச் சகோதரர்கள் அறிவர். எலெக்ட்ரிக் கிட்டாரின் உருக்குத் தந்திகளுக்கும் அதே கதிதான். துருவேறிய தந்தி, கழுத்தில் பதித்துள்ள 'பிரெட்' எனும் உலோக மெட்டுகளை அரம்போல் தேய்த்துவிடும். பிறகு சுருதி பிசகும், தந்தி இரையும்.

பெரும்பாலான மெட்டுகள் 'நிக்கல் வெள்ளி'யால் ஆனவை. பெயரில்தான் வெள்ளி; உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம் மட்டுமே. பள்ளம் ஆழமில்லையென்றால் அராவி மட்டப்படுத்தினாலே போதும். உயரம் மிகவும் குறைந்துவிட்டால்தான் பழையதைச் சூடாக்கிக் கழற்றி, புதியது பதிக்க வேண்டும். துருப்பிடிக்காத உருக்கு மெட்டு நீண்டகாலம் உழைக்கும், கூலியும் கூடும்.

திருத்துபவர் இந்த வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரியமான கிட்டாரைக் கொண்டுவருபவரிடம் தேவையில்லாத வேலைக்குப் பணம் வாங்கினால் அது ஒருநாள் இலாபம். உண்மையைச் சொன்னால் அவர் மறுமுறையும் நம் கடைக்கே வருவார். எந்தத் தொழிலுக்கும் இது பொருந்தும்.