சேமிப்பு முழுவதையும் வாடகை வீட்டில் போடலாமா?



சென்ற ஆண்டு மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வந்த மனுக்களில் ஒன்று எங்களை மிகவும் யோசிக்க வைத்தது. மனு கொடுத்த சகோதரிக்குச் சொந்தமாக இரண்டு வாடகை வீடுகள் இருந்தன. கணவர் இருபது வருடம் சவூதியில் உழைத்த பணம் முழுவதும் அவற்றில்தான் கிடந்தது. ஆபரேஷனுக்குத் தேவைப்பட்டதோ ஒன்றரை லட்சம். அவசரத்துக்கு வீட்டின் ஒரு ஜன்னலை மட்டும் கழற்றி விற்க முடியாதே!

வட்டி வேண்டாம் என்று வங்கி டெபாசிட்டை ஒதுக்கும் நம் குடும்பங்களுக்கு முதலில் தோன்றுவது வாடகை வீடுதான். அதில் தவறில்லை, வாடகை ஹலாலான வருமானம். ஆனால் கணக்குப் பார்த்து இறங்க வேண்டும். மனையோடு சேர்த்து 30 லட்சம் செலவாகி, மாதம் 7,000 வாடகை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 84,000. ஒரு மாதம் பூட்டிக் கிடந்து, வீட்டுத் தீர்வை, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர் எல்லாம் போனால் 70,000 நிற்கும். நூற்றுக்கு இரண்டரை ரூபாய்கூட இல்லை. மனை விலை ஏறலாம். விற்றால்தான் அது பணம். கல்லிடைக்குறிச்சி போன்ற ஊரில் நல்ல விலைக்கு ஆள் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

சிலர் வாடகைக்குப் பதில் ஒத்திக்கு விடுகிறார்கள். மூன்று, நான்கு லட்சத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, வாடகையில்லாமல் குடியிருக்க விட்டு, காலம் முடிந்ததும் முழுத்தொகையையும் திருப்பித் தர வேண்டும். கொடுத்த கடனுக்கு ஈடாக அனுபவிக்கும் பலனும் வட்டியே என்று உலமாக்கள் பலர் சொல்கிறார்கள். வாங்கிய பணத்தைச் செலவழித்துவிட்டுத் தவிக்கும் வீட்டுக்காரர்களையும் பார்க்கிறோம்.

வாப்பா மவ்த்தான பிறகு இன்னொரு சிக்கல். மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனின் பங்கில் பாதி மகளுக்கு என்று மார்க்கம் தெளிவாகச் சொல்கிறது. ரொக்கத்தை அப்படிப் பிரித்துவிடலாம். ஒரே வீட்டை எப்படிப் பிரிப்பது? பெரும்பாலும் பெண்மக்களின் பங்குதான் வருடக்கணக்கில் இழுபடுகிறது.

தங்கம் உடனே காசாகும். நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் போய்விடும். அடகு வைத்தால் மறுபடி வட்டி. வங்கி, மதுபானம் போன்ற தொழில்களை ஒதுக்கிவிட்டு மற்ற கம்பெனிப் பங்குகளில் போடும் டாடா எத்திகல், டாரஸ் எத்திகல் போன்ற பரஸ்பர நிதிகளும் உண்டு. சிறு தொகையாகப் போடலாம், வேண்டியபோது கொஞ்சம் மட்டும் எடுக்கலாம். ஏற்ற இறக்கம் இருக்கும், நஷ்டமும் வரலாம். ஐந்தாறு வருடம் தேவைப்படாத பணத்துக்குத்தான் அது சரி.

'ஹலால் முதலீடு, மாதாமாதம் உறுதியான லாபம்' என்று யார் வந்தாலும் விலகி நில்லுங்கள். 2019இல் பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது, அந்தச் சொல்லை நம்பிய ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

வீடு கட்டத்தான் போகிறோம் என்றால், ஆறு மாதச் செலவையும் ஒரு மருத்துவச் செலவையும் தனியே எடுத்து வைத்துவிட்டு அஸ்திவாரம் தோண்டுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வாடகைக்கு விட்ட வீட்டின் மதிப்புக்கு ஜகாத் இல்லை. சேர்ந்த வாடகைப் பணம் நிஸாபை எட்டி ஒரு வருடம் நின்றால் இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டும்.

அந்தச் சகோதரிக்கு உதவித்தொகையாக அல்லாமல் அழகிய கடனாகக் கொடுத்தோம். வாடகையிலிருந்து மாதம் 5,000 திருப்பித் தந்து வருகிறார்.