கேமராவின் ஆயுளை நிர்ணயிப்பது யார்?

ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010-ஆம் ஆண்டில் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் அதிகம். 2023-இல் அது 80 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. கைப்பேசி கேமராவை விழுங்கிவிட்டது என்பார்கள். அது பாதி உண்மைதான். எஞ்சிய 80 லட்சத்தில் பெரும்பகுதி, லென்ஸைக் கழற்றி மாற்றத்தக்க கேமராக்கள். ஒரே பெட்டியாக மூடப்பட்டவை அழிந்தன. பிரித்துச் சேர்க்கத்தக்கவை தப்பின.

அப்படியானால் லென்ஸோடு நிற்பானேன்? சென்சார், ஷட்டர், செயலி ஆகியவற்றையும் தனித்தனியே மாற்றிக்கொள்ளும்படி கேமராவை வடிவமைக்கலாமே என்ற கேள்வி எழுகிறது. கேமரா தயாரிக்காத திருவள்ளூர் மாவட்டத்தில் இதற்கு விடை தேடலாம் என்பது என் கருத்து.

திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நடத்திவந்த மண்வாரி இயந்திரப் பிரிவை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனம் வாங்கியது. சுரங்கங்களில் ஓடும் ராட்சத டம்பர்கள் அங்கே உருவாகின்றன. அந்நிறுவனம் 1973 முதல் உலகளவில் மறுஉற்பத்தித் தொழிலையும் நடத்துகிறது. தேய்ந்துபோன என்ஜின் பாகத்தைப் பிரித்து, கழுவி, சோதித்து, புதியதற்கு நிகரான உத்தரவாதத்தோடு, புதியதைவிடக் குறைந்த விலையில் விற்கிறது. வாங்குபவர் ஒரு முன்பணம் கட்டவேண்டும். பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும். டாஸ்மாக் கடையில் காலிப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திரும்பப் பெறுகிற அதே தத்துவம்தான். இந்த ஏற்பாடு இல்லையென்றால் பழைய இரும்பின் வழி வேறு. கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளுக்குப் போய்ச் சேரும் என்ஜினுக்குக் கிடைப்பது எடைக்கு விலை மட்டுமே. அதைக் கடைந்தெடுத்த உழைப்பின் மதிப்பு உலையிலேயே ஆவியாகிவிடும்.

அதே திருவள்ளூரில் இதற்கு மாறான பாடமும் உண்டு. அங்குள்ள ஆலையில் உருவாகும் சிட்ரோயன் சி3 கார் 2022-இல் வந்தது. அதே அடித்தளத்தின் மீது மின்சார வாகனம் 2023-இல் வந்தது. பொறியியல் நோக்கில் அழகான கூறுமுறை வடிவமைப்பு. ஆனால், பெட்ரோல் வண்டி வாங்கியவர் பின்னர் மின்மோட்டாரைப் பொருத்திக்கொள்ள முடியாது. கூறுகளாகப் பிரித்ததன் சேமிப்பு ஆலைக்கு; உரிமையாளருக்கு அது வழக்கமான கார்தான். விளம்பரங்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புகின்றன.

கேமராவை எங்கே வெட்டிப் பிரிக்கவேண்டும் என்பதும் முக்கியம். ரிக்கோ நிறுவனம் 2009-இல் ஜிஎக்ஸ்ஆர் என்ற கேமராவைக் கொண்டுவந்தது. அதில் லென்ஸும் சென்சாரும் ஒரே கூறாகப் பிணைக்கப்பட்டிருந்தன. சில ஆண்டுகளில் அது மறைந்தது. நல்ல லென்ஸ் முப்பது ஆண்டு உழைக்கும்; சென்சாரோ ஐந்தாறு ஆண்டுகளில் பழையதாகிவிடும். கிழவரையும் குழந்தையையும் ஒரே காப்பீட்டில் கட்டிவைத்ததைப் போன்ற பிழை அது. ஸ்வீடனின் ஹாசல்பிளாட் 1957-இல் கொண்டுவந்த கேமராவில் ஃபிலிம் பெட்டி பின்புறம் தனியே கழன்று வரும். அந்த வரிசைக் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் இன்றைய டிஜிட்டல் பின்பகுதியைப் பொருத்த முடிகிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் இணைப்பு அளவை மாற்றாமல் காத்ததே அதன் வெற்றி.

பிறகு ஏன் மற்றவர்கள் தயங்குகிறார்கள்? பொருளியல் அறிஞர் ரொனால்டு கோஸ் 1972-இல் இதை விளக்கினார். நீடித்து உழைக்கும் பொருளை விற்கும் நிறுவனத்துக்குத் தான் நேற்று விற்ற பொருளே இன்றைய போட்டியாளர். ஆகவே பழையதைப் பழையதாக்குவதில் அதற்கு ஆதாயம் இருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். வீட்டு அலமாரியில் கிடக்கும் கைப்பேசிகளை எண்ணச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும்.

இந்த ஆதாயக் கணக்கை மாற்றுவதுதான் முன்பணமும் மறுஉற்பத்தியும். முகூர்த்த நாள்கள் நெருங்கி வரும் மாதங்களில் ஒரு திருமண ஒளிப்படக்காரரின் கேமரா பல்லாயிரம் முறை சொடுக்கும். நடுத்தர ரகக் கேமராக்களின் ஷட்டர் ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் சொடுக்குகள் தாங்கும் என்பார்கள். அதன்பின் அவர் முழுக் கேமராவையும் மாற்றவேண்டிய அவசியமில்லை. பழைய ஷட்டரையோ சென்சாரையோ கொடுத்துவிட்டுப் புதுப்பித்ததைப் பெற்றுக்கொள்ளும் வசதி இருந்தால், நிறுவனத்துக்கு அவரோடு பத்தாண்டு வணிகம் கிடைக்கும். சென்சார் நுண்ணிய அளவில்கூட விலகி அமரக் கூடாது என்பதால் இதை வீட்டில் செய்ய இயலாது. பயிற்சி பெற்றவர்களைக் கொண்ட பட்டறைகள் வேண்டும். அந்த வேலை உள்ளூரில்தான் நடந்தாகவேண்டும். கடைசலும் அச்சு வேலையும் அறிந்த தொழிலாளர்களுக்குத் திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் பஞ்சமில்லை.

தடையாக நிற்பது கணக்குமுறை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், உற்பத்தியாளரின் கடமையை மறுசுழற்சி செய்த எடையைக் கொண்டு அளக்கின்றன. பொருளைப் புதுப்பித்து மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தால் அக்கடமை தள்ளிப்போகிறதே தவிர, பெருமளவு குறைவதில்லை. நொறுக்கினால் முழுச் சான்றிதழ், காப்பாற்றினால் தவணை. இந்த ஒரு விதியையாவது திருத்தி, புதுப்பிக்கப்பட்ட கூறு ஒவ்வொன்றுக்கும் கூடுதல் மதிப்பு அளிக்க மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் முன்வரவேண்டும். கேமராவில் தொடங்கினால் போதும். கைப்பேசியும் மடிக்கணினியும் தாமாகவே அடுத்து வரும்.