கைக்காசில் வரும் செலவு

வீட்டுக் கணக்கு – 14

காட்டுப்பள்ளி ஒரு மணல் திட்டு. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய். வடக்கே போனால் பழவேற்காடு ஏரி, தெற்கே எண்ணூர் துறைமுகமும் அனல்மின் நிலையமும். 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இங்கே திறக்கப்பட்டது. அதையொட்டிய ஆண்டுகளில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தன. 2018இல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. தளத்துக்கு இடம் எடுத்தபோது காட்டுப்பள்ளி குப்பத்துக் குடும்பங்கள் கடலோரத்தை விட்டு உள்ளே குடிபெயர வேண்டியிருந்தது.

இன்று இந்தக் கரையின் பிள்ளைகளில் சிலர் கடலுக்கும் ஏரிக்கும் போகிறார்கள். சிலர் துறைமுகத்துக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறார்கள். இரண்டாவது ரகத்தாரிடம் சம்பளச் சீட்டு இருக்கிறது. சம்பளச் சீட்டைப் பார்த்தால் வங்கி வீட்டுக் கடன் தரும். அதை வைத்துக் குப்பத்து வீட்டையே மாடி எடுத்துக் கட்டலாமே என்றால், பல குப்பங்களில் வீட்டுக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாத இடத்தை எந்த வங்கியும் அடமானம் பிடிக்காது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் வேறு குறுக்கே நிற்கும். கடைசியில் கடன் கிடைக்கிற இடம் எது என்று பார்த்தால் மீஞ்சூர், பொன்னேரி, திருவொற்றியூர் பக்கத்து அடுக்குமாடிதான். அதனால், பூர்வீக வீட்டை விற்று நகரத்தில் ஃபிளாட் வாங்குகிறவர்களைவிட இந்தக் குடும்பங்களின் நிலைமை சிக்கலானது. விற்பதற்கு அவர்களிடம் பத்திரம் உள்ள எதுவும் இல்லை.

இந்த வாரம் அப்படி ஒரு குடும்பத்தை வைத்தே கணக்குப் போடுவோம். அண்ணன், தம்பி இருவர் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டி மீஞ்சூர் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடியிருப்பில் வீடு பார்க்கிறார்கள். 880 சதுர அடி, சதுர அடி 5,000 ரூபாய், மொத்தம் 44 லட்சம். விலையும் அளவும் நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை. வரி விகிதங்கள் நிஜம்.

முதலில் அந்த 880. அதில் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை, வெளிச்சுவர் எல்லாவற்றிலும் உங்கள் பங்கு சேர்ந்திருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே புழங்குகிற இடம், அதாவது கார்ப்பெட் ஏரியா, பல திட்டங்களில் அதில் 70 சதவீதம் அளவுக்குத்தான் வரும். 70 என்றே வைத்தால் 616 சதுர அடி. 44 லட்சத்தை 616ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 7,143 ரூபாய். 2016இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, கார்ப்பெட் ஏரியா என்றால் என்ன என்று வரையறுத்து, அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் அந்த எண் இருக்கும். நோட்டீசில் பெரிய எழுத்தில் இருப்பது மற்ற எண்.

அடுத்து கார் பார்க்கிங், இரண்டரை லட்சம். இவர்களிடம் கார் இல்லை, இருந்தாலும் ‘எல்லாரும் எடுத்துட்டாங்க சார், இது கடைசி ஸ்லாட்’ என்பார் விற்பனைப் பிரதிநிதி. அந்த இடம் திறந்தவெளி என்றால் ரெரா சட்டப்படி அது பொதுப் பகுதி. அதற்குத் தனி விலை போட்டு விற்க முடியாது. மூடிய நிறுத்துமிடம் என்றே வைத்துக்கொள்வோம். இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று நடக்கிறது.

2019 ஏப்ரல் முதல், கட்டி முடியாத வீட்டுக்கு ஜிஎஸ்டி இரண்டு விகிதம். மொத்த விலை 45 லட்சத்துக்குள், கார்ப்பெட் ஏரியா சென்னை போன்ற பெருநகரத்தில் 60 சதுர மீட்டருக்குள் (மற்ற ஊர்களில் 90) இருந்தால் 1 சதவீதம். இந்த இரண்டில் ஒன்று மீறினாலும் 5 சதவீதம். நம் வீடு 616 சதுர அடி, சுமார் 57 சதுர மீட்டர். விலை 44 லட்சம். ஆக ஒரு சதவீதம், 44,000 ரூபாய் என்று அண்ணனும் தம்பியும் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் அந்த 45 லட்ச வரம்பைக் கணக்கிடும்போது பார்க்கிங், மூலை வீட்டுக்கான கூடுதல் விலை, மேம்பாட்டுக் கட்டணம் என்று கட்டுநர் வாங்குகிற எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். 44உடன் இரண்டரை சேர்ந்தால் 46.5 லட்சம். வரி மொத்தத் தொகைக்கும் 5 சதவீதமாகிவிடும். 2,32,500 ரூபாய். இரண்டரை லட்ச ரூபாய் பார்க்கிங் உண்மையில் இவர்களுக்கு 4,38,500 ரூபாய் ஆகிறது, அதுவும் இல்லாத காருக்கு.

நிறைவுச் சான்றிதழ் வாங்கிய வீட்டை வாங்கினால் ஜிஎஸ்டியே கிடையாது. அதை மனத்தில் வைத்து, ரெடியாக இருக்கும் வீட்டின் விலையையும் கட்டிக்கொண்டிருப்பதன் விலையையும் ஒப்பிடுங்கள்.

பத்திரப் பதிவு. 2023 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் புதிய ஃபிளாட்டை நிலத்தின் பிரிபடாத பங்கும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் பதிய வேண்டும். முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை தீர்வை 5 சதவீதம். நம் கணக்கில் 46.5 லட்சத்துக்கு 6 சதவீதம், 2,79,000 ரூபாய். பெண் பெயரில் பதிந்தால் ஒரு சதவீதம் குறையுமே என்று யாராவது சொல்வார்கள். 2025 ஏப்ரலில் அந்தச் சலுகை வந்தது உண்மைதான், ஆனால் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்கு மட்டும்.

சாவி வாங்கப் போகும்போது இன்னொரு தாள் நீட்டுவார்கள். பராமரிப்பு முன்பணம், மின் இணைப்பு, குடிநீர், கழிவுநீர், சங்க நிதி, ஆவணச் செலவு. சதுர அடிக்கு 3 ரூபாய் பராமரிப்பு, இரண்டு வருடம் முன்கூட்டியே என்றால் 63,360 ரூபாய். அதைக் கட்டுநரே வசூலித்தால் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 74,765. 616 சதுர அடிக்குள் புழங்குகிற நீங்கள், பராமரிப்பை 880க்குத்தான் கட்டுவீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சேர்ந்து விலையில் பன்னிரண்டு, பதிமூன்று சதவீதம்தானே, இருபது வருடக் கடனில் கரைந்துவிடாதா என்று தோன்றும். கரையாது. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடு என்றால் முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அந்த மதிப்பில் சேர்க்கக் கூடாது. 46.5 லட்சத்துக்குக் கடன் 37.2 லட்சம். மீதி 9.3 லட்சம் கையிலிருந்து என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஜிஎஸ்டிக்கும் வங்கி கடன் தராது என்று வைத்து, அதன் மேல் ஜிஎஸ்டி, பதிவு, பராமரிப்பு முன்பணம் மூன்றையும் கூட்டினால் இன்னும் 5.86 லட்சம். கைக்காசு 15 லட்சத்தைத் தாண்டுகிறது. கப்போர்டு, கிரில், மின்விசிறி இன்னும் வாங்கவில்லை.

அந்த ஐந்தே முக்கால் லட்சத்துக்கு மேல் எங்கிருந்து வரும்? மாதச் சம்பளக்காரர் பிராவிடண்ட் ஃபண்டில் கை வைப்பார். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் மீனவருக்கும் அந்த வழி குறுகியது. அம்மாவின் நகை அடகுக்குப் போகும். அதுவும் போதாவிட்டால் ஊர் வட்டிக்காரர். வங்கி தருகிற கடன் எட்டாத இடத்தில் வந்து நிற்கிற செலவு இது. அதனால்தான் தொகையில் சிறிதாக இருந்தும் குடும்பத்தைச் சாய்க்கிறது. வீட்டுக் கடனால் நொடித்தவர்கள் என்று நாம் சொல்கிற பலரையும் உண்மையில் நொடிக்கவைத்தது, வீட்டுக் கடனுக்குப் பக்கத்தில் வாங்கிய சின்னக் கடன். 37.2 லட்சத்துக்கு வட்டி எட்டரை சதவீதம் என்று வைத்தால் இருபது வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 32,300 ரூபாய். அதோடு நகைக்கடன் வட்டி, முன்பணம் தீர்ந்த பிறகு பராமரிப்பு 2,640. வடகிழக்குப் பருவமழையில் கடலுக்குப் போக முடியாத நாள்களிலும், ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கையெழுத்தாகாத மாதத்திலும் தவணைத் தேதி தள்ளிப்போகாது.

இனி, எந்தக் கட்டுநரின் தாளிலும் வராத செலவுகள். மீஞ்சூர் நிலத்தடி நீர் எழுபதுகள் தொட்டே ஆய்வுக் கட்டுரைகளில் அடிபடுகிற பெயர். அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே நுழைந்துவிட்ட பகுதி அது. குடியிருப்புக்குத் தண்ணீர் போர்வெல்லா, லாரியா, வாரிய இணைப்பா என்று கேளுங்கள். ‘வாரிய இணைப்பு வந்துவிடும்’ என்றால் எப்போது, எழுத்தில் எங்கே என்று கேளுங்கள். உப்புத் தண்ணீர் குழாய், ஹீட்டர், வாஷிங் மெஷின் எதையும் விட்டுவைக்காது. லாரித் தண்ணீர் செலவு பராமரிப்புக் கட்டணத்தில்தான் வந்து விழும். அதேபோல் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பக்கத்து டீக்கடையில் விசாரியுங்கள். விற்பனைப் பிரதிநிதியைவிட டீக்கடைக்காரர் சரியாகச் சொல்வார்.

மீன்பிடிக் குடும்பத்துக்கு இன்னும் ஒன்று உண்டு. இரண்டாவது மாடிக்குக் குடிபோகலாம் என்று பிள்ளைகள் சொல்லும்போது, ‘வலைய எங்கடா வெப்பீங்க?’ என்று அம்மா கேட்டால் அது வெகுளிக் கேள்வி அல்ல. குப்பத்தில் வாசலில் வலை கிழிசல் தைக்கலாம், ஐஸ் பெட்டி வைக்கலாம், மீதி மீனைக் காய வைக்கலாம். அதெல்லாம் ஃபிளாட்டில் வாடகைக்கு எடுத்தாக வேண்டிய இடம். பழவேற்காட்டுக் குப்பங்கள் சிலவற்றில் ஏரியில் வலை கட்டுவதற்குப் பாடு முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில் யார் பிடிப்பது என்பது முறை வைத்துப் பங்கிடப்படும். ஊர்த் தலைக்கட்டுக் கணக்கில் இருப்பவருக்கே அதில் பங்கு. வெளியே குடிபோனால் அந்தப் பங்கு நிற்குமா, போகுமா? இதை வங்கியும் கேட்காது, வக்கீலும் கேட்கமாட்டார். ஊர்ப் பெரியவர்களிடம் நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும், அதுவும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்.

நான் ஃபிளாட் வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டா இல்லாத வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்குத் தன் பேரில் ஒரு பத்திரம் என்பது சின்ன விஷயம் அல்ல. நிலத்தின் பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்பதைப் பத்திரத்தில் சரிபார்த்து வாங்கினால், கட்டடம் பழசானாலும் அது நிற்கும்.

ரெரா சட்டப்படி, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது. அந்தப் பத்து சதவீதத்தையும் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு தாள் கேளுங்கள். விலை, பார்க்கிங், ஜிஎஸ்டி, பதிவு, மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு, சங்க நிதி எல்லாம் ஒன்றாக, கூட்டுத்தொகையோடு, நிறுவனத்தின் முத்திரையோடு இருக்க வேண்டும். அதை எடுத்துப் போய், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘வங்கி’ அல்லது ‘கை’ என்று வீட்டில் உட்கார்ந்து எழுதுங்கள். ‘கை’ என்று எழுதிய தொகை நகையை அடகு வைக்காமல் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் இந்த வீடு இந்த வருடம் உங்களுக்கு இல்லை. தாளே தர மறுக்கிறவரிடம் எந்த வருடமும் வாங்காதீர்கள்.