எந்தச் செகராசசேகரன்?

இணுவிலில் பரராசசேகரப் பிள்ளையார் கோயிலும் உண்டு, செகராசசேகரப் பிள்ளையார் கோயிலும் உண்டு. யார் அந்த இரண்டு அரசர்கள் என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. இரண்டுமே அரியணை ஏறும்போது சூடிக்கொண்ட பட்டப்பெயர்கள்.

1619 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளில் ஒருவர் செகராசசேகரன் என்றால், அடுத்தவர் பரராசசேகரன். அவருக்குப் பின் மறுபடியும் செகராசசேகரன். சோழர் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிச் சூடியதும், சிங்கள மன்னர் சிறிசங்கபோதி, அபய சலாமேகன் என்று சூடியதும் இதே வழக்கந்தான். இங்கிலாந்தில் நோர்போக் கோமகன் பட்டத்தின் இன்றைய வரிசை 1483இல் தொடங்கி, இப்போது பதினெட்டாமவரிடம் இருக்கிறது. எண் போட்டே எழுதுகிறார்கள். நம்மவர் எண் போடவில்லை. முதலாம், இரண்டாம் என்பதெல்லாம் பின்வந்த வரலாற்றாசிரியர்கள் ஒட்டியவை.

காசைப் பார்த்தாவது கண்டுபிடிக்கலாமா? ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் நந்தி, அதன் கீழே 'சேது' என்ற எழுத்து. அரசன் பெயர் இல்லை. 1344இல் வந்த இபன் பதூதாவும் ஆரியச்சக்கரவர்த்தி என்ற குலப்பெயரையே எழுதிவைத்தார். செகராசசேகரம், பரராசசேகரம் என்ற வைத்திய நூல்களுக்கும் பட்டமே பெயராயிற்று. அரச வரிசையைச் சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலையோ, அரசு அழிந்து நூறாண்டுக்கும் மேல் கழித்து, ஒல்லாந்தர் காலத்தில் எழுதப்பட்டது.

சில இடங்களில் பட்டமே துப்பும் கொடுக்கும். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கட்டியத்தில் சிறிசங்கபோதி புவனேகபாகுவின் பெயர் இன்றும் ஒலிக்கிறது. வைபவமாலை புவனேகபாகுவை அமைச்சன் என்கிறது. அமைச்சனுக்கு ஏன் சிறிசங்கபோதி? அது சிங்கள அரசர் பட்டம். 15ஆம் நூற்றாண்டின் நடுவில் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, பின்பு கோட்டையில் புவனேகபாகு என்ற பெயரில் முடிசூடிய செண்பகப்பெருமாளுக்கே அது பொருந்தும் என்பது என் எண்ணம்.

1619இல் போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேரா, கடைசி அரசன் சங்கிலி குமாரனைப் பிடித்தான். கோவாவில் அவனுக்கு மரணதண்டனை. அதோடு பட்டம் சூட ஆளில்லை.

ஆகவே, 'செகராசசேகரன் கட்டிய கோயில்' என்று ஏதாவது தலவரலாற்றில் படித்தால், எந்தச் செகராசசேகரன் என்று ஒருதரம் கேளுங்கள்.