சால்வையின் விலை

நுழையும்முன்
குளிர்காலம் வந்ததும் வட இந்திய நகரங்களில் வண்ணச் சால்வைகள் வெளிவருகின்றன. அவற்றுள் தறியில் நெய்தவை உண்டு. இயந்திரத்தில் பின்னியவை உண்டு. ஒரே ஒரு கொக்கி ஊசியைக் கொண்டு கையால் பின்னியவையும் உண்டு. இக்கைப்பின்னல் சால்வைக்கு உரிய நூல், அளவு, செலவு ஆகியவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஓர் ஊசி, ஒரு கண்ணி
நுனியில் கொக்கியுடைய ஒற்றை ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னும் கலையே குரோஷா. நீங்கள் வாழும் ஊரில் இதனைக் ‘குரோஷியா’ என்று அழைப்பதைக் கேட்டிருக்கலாம். பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்குச் ‘சிறு கொக்கி’ என்பது பொருள். ஸ்வெட்டர் பின்னுவோர் இரண்டு ஊசிகளைக் கையாள்வர். அவற்றில் பல கண்ணிகள் வரிசையாகக் காத்திருக்கும். குரோஷாவில் ஒரு பின்னலை முடித்த பின்னரே அடுத்த பின்னலைத் தொடங்க இயலும். ஆதலால், பிழை நேர்ந்தால் அவ்விடம்வரை நூலை உருவிப் பிரித்துவிட்டு மீண்டும் பின்னலாம். முதலில் கற்பது சங்கிலிப் பின்னல். அதன்மேல் குட்டையும் நெட்டையுமான பின்னல்களை அடுக்கினால் சதுரம், முக்கோணம், பூ முதலிய வடிவங்கள் அமையும்.

நூலின் இயல்பு அறிதல்
சால்வைக்கு ஏற்ற நூல்கள் மூவகைப்படும்.

முதலாவது, அக்ரிலிக் நூல். இது பெட்ரோலியப் பொருள்களிலிருந்து உருவாக்கப்படும் செயற்கை இழை. விலை குறைவு, வண்ணங்கள் மிகுதி, துவைப்பதும் எளிது. ஆயினும் வெப்பம் பட்டால் உருகும். எனவே அடுப்பின் அருகிலோ, குளிர்காயும் நெருப்பின் அருகிலோ அக்ரிலிக் சால்வையை அணிந்து அமர்தல் கூடாது.

இரண்டாவது, பருத்தி நூல். வியர்வையை உறிஞ்சும்; தோலை உறுத்தாது. மிதமான குளிருக்கு ஏற்றது. நனைந்தால் கனக்கும், உலர நெடுநேரம் ஆகும். தமிழ்நாட்டில் கோவை வட்டாரம் பருத்தி நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்றது.

மூன்றாவது, கம்பளி நூல். ஆட்டு உரோமம் இயல்பாகவே சுருண்டிருக்கும். அச்சுருள்களுக்கு இடையே காற்றுத் தங்கி உடல் வெப்பத்தை வெளியே விடாது காக்கும். சிறிது ஈரமானாலும் கதகதப்புக் குறையாது, எளிதில் தீப்பற்றாது. ஆனால் வெந்நீரில் கசக்கித் துவைத்தால் உரோமங்கள் ஒன்றோடொன்று பிணைந்து சால்வை சுருங்கிவிடும். விலையும் மிகுதி. கம்பளி ஆடைத் தொழிலுக்குப் பஞ்சாபின் லூதியானா நகரம் புகழ்பெற்றது.

கம்பளியையும் அக்ரிலிக்கையும் ஒரே சால்வையில் கலத்தல் நன்றன்று. துவைக்கும்போது ஒன்று சுருங்கும், மற்றொன்று சுருங்காது, சால்வை கோணலாகும்.

கையிருப்புக்கு ஏற்ற வழி
சிறிய தொகையே உள்ளதெனில் அக்ரிலிக் நூலைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கும் இயலாதெனில், முன்பு பின்னிய ஆடைகளில் எஞ்சிய துண்டு நூல்களை உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் திரட்டலாம். ஒரே பருமனுள்ள நூல்களைப் பிரித்தெடுத்து, ஒவ்வொரு வண்ணத்திலும் சிறு சதுரங்களைப் பின்ன வேண்டும். பிறகு எல்லாச் சதுரங்களுக்கும் ஒரே வண்ணத்தில் கரை பின்னி இணைத்தால், சிதறிய வண்ணங்களும் ஒன்றுபட்டுத் தோன்றும். இவ்வாறு சிறியவை சேர்ந்து பெரிதாவதற்குச் சான்றாக, 2016-ஆம் ஆண்டு சனவரியில் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வை உருவாகிக் கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பெற்றது. பலர் பின்னிய துண்டுகளின் இணைப்பே அது.

கம்பளியே வேண்டும், தொகையோ போதாது எனில், சால்வையின் வடிவத்தை மாற்றலாம். சதுரச் சால்வையை மூலைக்கு மூலை மடித்துப் போர்த்துவோர் பலர். அதனை முக்கோணமாகவே பின்னினால் பாதி நூலே போதும்.

அளந்து வாங்குதல்
பாதிச் சால்வையில் நூல் தீர்ந்துபோவது பலர் அறிந்த துன்பம். மீண்டும் கடைக்குச் சென்றால் அதே வண்ணம் கிடைப்பது அரிது. ஒவ்வொரு முறை சாயம் தோய்க்கும்போதும் நிறம் சிறிதளவு வேறுபடும். எனவே நூல் உருண்டையின் சீட்டில் உள்ள சாயத் தொகுதி எண்ணை ஒப்பிட்டு, தேவையான நூல் முழுவதையும் ஒருங்கே வாங்க வேண்டும்.

தேவையை அறிவது எவ்வாறு? முதலில் ஓர் உருண்டை வாங்கி, 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம் ஒன்றைப் பின்னி எடைபோடுக. அது 5 கிராம் எனக் கொள்வோம். 150 சென்டிமீட்டர் நீளமும் 50 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சால்வையில் அத்தகைய சதுரங்கள் 75 அடங்கும். ஆகவே தேவைப்படும் நூல் 375 கிராம். 50 கிராம் உருண்டைகளாயின் எட்டு வாங்க வேண்டும். எஞ்சும் 25 கிராம் ஓரப் பின்னலுக்கு உதவும்.

கையின் விலை
ஓர் உருண்டையின் விலை 50 ரூபாய் எனில், நூலின் செலவு 400 ரூபாய். சால்வை 1,000 ரூபாய்க்கு விற்றால் எஞ்சுவது 600 ரூபாய். ஒரு சதுரம் பின்ன அரை மணி நேரம் ஆகுமெனில், 75 சதுரங்களுக்கு முப்பத்தேழரை மணி நேரம் ஆகும். அவ்வாறாயின் ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைப்பது 16 ரூபாய் மட்டுமே! கடைக்காரர் பங்கும் வண்டிக் கூலியும் போனால் அதுவும் குறையும்.

குரோஷாவை அப்படியே பின்னித்தரும் இயந்திரம் தொழிற்சாலைகளில் இன்றளவும் வழக்கத்தில் இல்லை. ஆகவே கடையில் தொங்கும் உண்மையான குரோஷாச் சால்வை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒருவரின் கைகள் உள்ளன. விலை மிகக் குறைவெனில், அக்குறைவைப் பெரும்பாலும் அக்கைகளே சுமந்திருக்கும்.

ஆந்திர மாநிலத்தின் கோதாவரிக் கரையில் உள்ள நரசாப்பூர் இதற்குச் சான்று. அவ்வட்டாரப் பெண்கள் தலைமுறைகளாகக் குரோஷா லேஸ் பின்னி வருகின்றனர். அவர்கள் வேலை செய்தும், ‘வீட்டில் சும்மா இருப்பவர்கள்’ என்றே கருதப்பட்டனர். கூலியும் மிகக் குறைவாகவே பெற்றனர். இதனை ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் எடுத்துக்காட்டினார். 2024-இல் இக்கைத்தொழிலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குக் கிடைத்த சிறப்பு, பின்னும் கைகளுக்கு உரிய கூலியாகவும் மாற வேண்டும்.

நம் முன்னோர் நூற்கும் தொழிலை எளிதாக எண்ணவில்லை. நன்னூலின் பாயிரம், புலவர் நூல் இயற்றுவதைப் பெண் பஞ்சிலிருந்து நூல் நூற்பதற்கு ஒப்பிடுகிறது. சொல் பஞ்சாகிறது, புலவரின் அறிவு கதிராகிறது. படிக்கும் நூலுக்கும் நூற்கும் நூலுக்கும் தமிழில் ஒரே பெயர். ஒன்றை மதிப்பவர் மற்றொன்றையும் மதித்தல் வேண்டும். அடுத்த முறை ஒரு கைப்பின்னல் சால்வையைப் பேரம் பேசுமுன், அதன் சதுரங்களை எண்ணிப் பாருங்கள்.

சொற்பொருள்
கண்ணி – நூல் வளையம்
இழை – நூலின் மெல்லிய புரி
கதிர் – நூல் நூற்கும் கருவி
பாயிரம் – நூலின் முகவுரை

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. குரோஷாவில் பிழையைத் திருத்துவது எவ்வாறு?
2. கம்பளி நூல் குளிரிலிருந்து காப்பதற்குக் காரணம் என்ன?
3. ‘விலை மிகக் குறைவெனில், அக்குறைவைப் பெரும்பாலும் அக்கைகளே சுமந்திருக்கும்’ – விளக்குக.

ஆ. கணக்கிடுக.
10 சென்டிமீட்டர் பக்கமுள்ள மாதிரிச் சதுரத்தின் எடை 4 கிராம். 160 சென்டிமீட்டர் நீளம், 50 சென்டிமீட்டர் அகலமுள்ள சால்வைக்கு 50 கிராம் நூல் உருண்டைகள் எத்தனை தேவை?

இ. செயல்பாடு
உங்கள் வீட்டிலோ தெருவிலோ கையால் பின்னும் ஒருவரைக் கண்டு, ஒரு பொருளை முடிக்க அவருக்கு ஆகும் நேரத்தைக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.