யார் சிறந்த ஆட்டக்காரர்?



தோட்டத்துப் பந்துத் திடலில் ஆட்டம் முடிந்துவிடும். ஆட்டத்தைப் பற்றிய பேச்சு மட்டும் முடியாது. "மொக்தார் டஹாரியைப் போல இன்னொருவன் இந்த நாட்டில் பிறந்து வரவேண்டும்" என்று ஒருவர் சொல்வார். "போங்கண்ணே, பின்னால் ஆறுமுகம் நின்றாரே, அதை மறந்துவிட்டீர்களா?" என்று அடுத்தவர் கேட்பார். "சோ சின் ஆன் இல்லாமல் எந்த ஆட்டம் நடந்தது?" என்று மூன்றாமவர் சேர்ந்துகொள்வார். நல்ல பேச்சுதான். ஆனால் சில நேரங்களில் அது குரல் உயர்ந்து, மனம் கசந்து, இரண்டு வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பாராத நிலையில் போய் முடிகிறது. பக்கத்தில் நின்று கேட்கும் பிள்ளைகளும், சத்தம் போடுவதுதான் வாதம் என்று கற்றுக்கொள்கிறார்கள்.

ஆகவே நாம் இன்று இந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். மலேசியக் காற்பந்துக் குழுவின் வரலாற்றில் சிறந்த ஆட்டக்காரர் யார்? இதை எப்படி ஆராய்ந்து, சண்டையில்லாமல் ஒரு முடிவுக்கு வருவது?

இளைய நேயர்களுக்காக முதலில் சில செய்திகள். 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் நாட்டின் விடுதலை அறிவிக்கப்பட்ட அதே மெர்டேக்கா அரங்கில்தான் மெர்டேக்கா கிண்ணப் போட்டியும் தொடங்கியது. 1958, 1959 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மலாயாக் குழுவே அக்கிண்ணத்தை வென்றது. அந்தக் காலத்து வீரர் அப்துல் கனி மின்ஹாட். அவரை 'ராஜா போலா', அதாவது பந்தாட்ட அரசர், என்றே மக்கள் அழைத்தார்கள். 1971இல் சியோல் நகரில் தென் கொரியாவை 1-0 என்று தோற்கடித்து, நம் குழு மூனிக் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. சைட் அகமட் தலையால் முட்டிய பந்துதான் அந்த ஒரே கோல். 1972இல் மூனிக்கில் மேற்கு ஜெர்மனியிடம் 0-3 என்றும், மொரோக்கோவிடம் 0-6 என்றும் தோற்றோம். அமெரிக்காவை 3-0 என்று வென்றோம். 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. மொக்தார், சோ சின் ஆன், ஆறுமுகம், சந்தோக் சிங் ஆகியோர் புகழோடு விளங்கியது இந்த எழுபதுகளிலும் அதையொட்டிய ஆண்டுகளிலும்தான்.

இனி வாதத்துக்கு வருவோம். வாதத்தில் முதலில் எல்லாரும் எடுப்பது எண்ணிக்கையை. எண்ணிக்கை நல்ல சாட்சிதான். அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனத்தின் கணக்குப்படி மொக்தார் டஹாரி நாட்டுக்காக 142 ஆட்டங்களில் 89 கோல்கள் போட்டிருக்கிறார். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் இதை வகுத்துப் பார்க்கலாம்: ஏறக்குறைய எட்டு ஆட்டங்களுக்கு ஐந்து கோல்கள். நூறு கோல்களுக்கு மேல் போட்டார் என்று சொல்வோரும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. வெளிநாட்டுக் கிளப்புகளோடும் தேர்வுக் குழுக்களோடும் ஆடிய ஆட்டங்களையும் சேர்த்துச் சொல்கிறார்கள். சோ சின் ஆனுக்கும் இப்படித்தான். அதே சம்மேளனம் அவருக்கு 195 ஆட்டங்கள் என்கிறது. எல்லா ஆட்டங்களையும் சேர்ப்போர் அதைவிட அதிகம் சொல்கிறார்கள். ஆகவே எண்ணைச் சொல்லும்போது, எவற்றை எண்ணினோம் என்பதையும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் இருவர் இரண்டு எண்களை வைத்துக்கொண்டு இரவெல்லாம் சண்டை போடுவார்கள். இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

எண்ணிக்கை மட்டும் போதுமா? நம் தோட்டத்து அனுபவத்தையே வைத்துப் பார்ப்போம். இரண்டு பேர் பால்மரம் வெட்டுகிறார்கள். மாலையில் ஒருவருடைய கணக்கில் பால் கூடுதலாக இருக்கிறது, மற்றவருடையதில் குறைவு. கூடுதலாகக் கொண்டுவந்தவர்தான் கைகாரர் என்று உடனே சொல்லிவிடுவோமா? ஒருவருக்கு மேட்டு நிலத்தில் கிழட்டு மரங்கள். மற்றவருக்குச் சமநிலத்தில் இளமரங்கள். பட்டை காயாமல், மரம் புண்படாமல் வெட்டுகிற கை யாருடையது என்று தராசு சொல்லாது. அதை மரத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். ஆட்டக்காரரும் அப்படித்தான். அவர் எந்த இடத்தில் நின்றார், யாரோடு ஆடினார், யாரை எதிர்த்தார் என்பதையும் பார்க்கவேண்டும்.

முதலில், நின்ற இடம். கோல் போடுவது மொக்தாரின் வேலை. ஆகவே அவருடைய உழைப்பு ஏட்டில் எண்ணாக ஏறுகிறது. ஆர். ஆறுமுகத்தின் வேலை கோல் விழாமல் தடுப்பது. கைகளை நீட்டி அவர் பாய்ந்து பிடிப்பதைப் பார்த்து மக்கள் அவரை 'ஸ்பைடர்மேன்' என்றார்கள். அவர் தடுத்த பந்துகளை யார் எண்ணி வைத்தார்கள்? விழுந்த கோலுக்குக் கணக்கு உண்டு. விழாமல் போன கோலுக்குக் கணக்கு இல்லை. சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் நின்ற தற்காப்பு வரிசைக்கும் இதே நிலைதான். எதிரி பந்தோடு நெருங்கவே முடியாதபடி ஒருவர் ஆடிவிட்டால், அவர் செய்த வேலை கண்ணுக்கே தெரியாமல் போகிறது. ஆகவே தாக்குதல் ஆட்டக்காரரையும் கோல் காவலரையும் ஒரே படியால் அளப்பது முறையாகாது.

அடுத்து, எதிர்த்து நின்றவர். பலவீனமான குழுவுக்கு எதிராக ஐந்து கோல்கள் போடுவதும், பலமான குழுவுக்கு எதிராக ஒரு கோல் போடுவதும் ஒன்றல்ல. 1975இல் இங்கிலாந்தின் ஆர்சனல் குழு இங்கே வந்தது. சிலாங்கூர் அதை 2-0 என்று வென்றது. இரண்டு கோல்களையும் போட்டவர் மொக்தார். 1978இல் இங்கிலாந்தின் 'பி' குழுவோடு நம் தேர்வுக் குழு 1-1 என்று சமநிலை கண்டபோதும் கோல் போட்டவர் அவரே. இந்த ஆட்டங்களை அதிகாரபூர்வக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். ஆனால் ஒருவருடைய திறமையை எடைபோட இவை நல்ல சாட்சி.

மூன்றாவது, காலம். கனி மின்ஹாட் ஆடிய ஆட்டங்களில் பலவற்றைப் படம் பிடித்து வைக்கவில்லை. பார்த்தவர்களின் வாய்ச்சொல்லே சாட்சி. 2010ஆம் ஆண்டில் ஆசியான் காற்பந்துக் கிண்ணத்தை வென்ற குழுவின் ஆட்டத்தையோ இன்றும் படத்தில் பார்க்கலாம். அந்தக் குழுவில் கோல் குவித்த சாஃபி சாலியைப் பிள்ளைகள் அறிவார்கள், கனியை அறியமாட்டார்கள். நாம் பார்க்காத ஒருவரைச் சிறியவர் என்று தள்ளிவிடக்கூடாது. தாத்தாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். அதேபோலத் தாத்தாவும், தம் காலத்துக்குப் பிறகு யாரும் பந்தே தொடவில்லை என்று சொல்லிவிடக்கூடாது.

நான்காவது, வாய்ப்பு. 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை நம் குழு 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. ஆட்டம் 1-1 என்று இருந்தபோது ஹசான் சானி பந்தைக் கொடுக்க, ஜேம்ஸ் வோங் அதைக் கோலாக்கினார். இருவரும் சபாவைச் சேர்ந்தவர்கள். ஆனால் அக்குழு மாஸ்கோ போகவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்ததை எதிர்த்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. நமக்குப் பதிலாக ஈராக் சென்றது. ஒலிம்பிக்கில் ஆடாதவர்கள் என்று அந்தக் குழுவை மூனிக் சென்ற குழுவுக்குக் கீழே வைப்பது நியாயமா? அவர்கள் செய்யவேண்டியதைச் செய்து முடித்தார்கள். கதவு அடைபட்டது அவர்கள் கையில் இல்லை. பிற்காலத்தில், 2016இல், 'ஓலா போலா' என்ற திரைப்படம் இவர்களைத் தழுவி எடுக்கப்பட்ட பிறகுதான் பல இளைஞர்களுக்கு இச்செய்தி தெரியவந்தது.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதைச் சொல்லப் பலரும் தயங்குவார்கள். நாம் பெயரைச் சொல்லும்போது பெரும்பாலும் நம்மவர் பெயரையே சொல்கிறோம். மலாய்க்காரர் மொக்தார் என்பதும், சீனர் சோ சின் ஆன் என்பதும், தமிழர் ஆறுமுகம் என்பதும் வழக்கமாகிவிட்டது. நம்மவரைப் பற்றிப் பெருமைப்படுவதில் தவறில்லை. ஆறுமுகம், எம். சந்திரன், கே. ராஜகோபால் என்ற பெயர்களைக் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு, 'நாமும் நாட்டுக்காக ஆடலாம்' என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணம் வேண்டும். ஆனால் வாதம் என்று வந்துவிட்டால், நம்மவருக்கு ஒரு படியும் மற்றவருக்கு ஒரு படியும் வைக்கக்கூடாது. அப்படி வைத்தால் நம் ஆட்டக்காரரின் பெருமையும் குறைந்துபோகும். 'உறவுக்காகச் சொல்கிறான்' என்று கேட்பவர் ஒதுக்கிவிடுவார்.

எங்கள் பள்ளியில் மேல் வகுப்பு மாணவர்களுக்கு இதையே ஒரு பயிற்சியாகக் கொடுப்பதுண்டு. விதிகள் மூன்றுதான். பெயரைச் சொல்வதற்கு முன், எதை வைத்து அளக்கப் போகிறாய் என்று சொல்லவேண்டும். எதிர்த்துப் பேசுகிறவன் சொன்னதை, அவன் ஒப்புக்கொள்ளும்படி ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகுதான் பதில் சொல்லலாம். கடைசியில், எதிர்த் தரப்பு ஆட்டக்காரரின் சிறப்பு ஒன்றையாவது சொல்லிவிட்டு உட்காரவேண்டும். முதல் நாள் பிள்ளைகள் திணறுவார்கள். இரண்டாவது விதிதான் அவர்களுக்கு மிகவும் கடினம். பதில் சொல்லும் ஆத்திரத்தில், அடுத்தவன் என்ன சொன்னான் என்பதையே கேட்டிருக்கமாட்டார்கள். பழகிய பிறகு, உரக்கப் பேசாத பிள்ளைகளும் எழுந்து நிற்கிறார்கள். பெண் பிள்ளைகளும் எண்களைக் குறித்துவந்து பேசுகிறார்கள். நாளை சம்பளச் சீட்டில் ஒரு கணக்கு தவறியிருந்தாலோ, அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்துக்கு விளக்கம் சொல்ல நேர்ந்தாலோ, இந்தப் பழக்கமே அவர்களுக்குக் கைகொடுக்கும். கோபப்பட்டுத் திரும்பி வருவதற்கும், காரணம் காட்டிக் கேட்டுப் பெறுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

சரி, உங்கள் முடிவு என்ன என்று நேயர்கள் கேட்கலாம். கேட்டுவிட்டு நழுவக்கூடாது, சொல்கிறோம். எங்கள் மனம் ஆறுமுகத்தின் பக்கமே சாய்கிறது. 1988 டிசம்பரில் சாலை விபத்தொன்றில் 35 வயதில் அவர் மறைந்த செய்தி கேட்டுத் தோட்டங்களில் துக்கப்படாதவர் குறைவு. ஆயினும் எங்கள் அளவுகோல் இரண்டு: நெடுங்காலம் தொடர்ந்து செய்த சாதனை ஒன்று, பலமானவரை எதிர்த்துக் காட்டிய திறமை மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 1991இல் 37 வயதில் நோயால் மறைந்த மொக்தாரின் பெயரையே முதலில் எழுதுவோம். நீடித்த உழைப்பு ஒன்றையே அளவாகக் கொள்பவர் சோ சின் ஆனை எழுதுவார், அதுவும் தவறாகாது. கோல் கம்பத்துக்கு முன்னே யாரை நிறுத்துவது என்று கேட்டாலோ, ஆறுமுகத்தை விட்டு வேறு பெயர் எங்களுக்கு வரவில்லை.

இதை நீங்கள் ஒப்புக்கொள்ளவேண்டும் என்பதில்லை. நல்ல காரணம் காட்டி எங்களை மறுத்தால் மகிழ்வோம். இன்று மாலையே பிள்ளைகளை அருகில் அழைத்து, "நீ யாரைச் சொல்வாய்?" என்று கேளுங்கள். பெயரைச் சொன்னவுடன் விட்டுவிடாமல், "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்றும் கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.